விலாசம் கொடுத்தவர்

இந்த வேலையை நான் இரக்கப்பட்டு ஆரம்பிக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபத்தில் ஆரம்பித்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் என்று என் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

பென்ஷன் வாங்குகிறவன் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் போய், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று முகத்தைக் காட்டிவிட்டு வரவேண்டும். அப்படிப் போன அன்றைக்கு வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். வெயில் கொளுத்துகிற நாளில் முழங்கால் வரைக்கும் கோட்டு போட்டிருந்தார். கையில் ஏதோ விண்ணப்பம். கவுன்டரில் இருந்தவன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, விலாசம் எழுதுகிற இடம் காலியாக இருக்கிறது, இப்படிக் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்றான். பஸ் நிலையம் என்று எழுதிக் கொடுக்கட்டுமா என்று கோட்டுக்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். அவன் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. பேனாவைப் பிடுங்கி, என் வீட்டு நம்பர், தெரு, பின்கோடு எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி, இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அவன் முத்திரை குத்தினான்.

முப்பத்துநாலு வருஷம் தபால் ஆபீசில் சார்ட்டிங் வேலை பார்த்தவன் நான். வந்து குவிகிற கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அறை அறையாக அடுக்குகிற வேலை. ஒரு கவரைக் கையில் எடுத்தால் எழுத்தை வைத்தே இது எந்தப் பேட்டைக்குப் போகும் என்று சொல்லிவிடுவேன். அத்தனை வருஷத்தில், கடிதம் வருவதற்கு ஓர் இடமே இல்லாத மனுஷனை நேருக்கு நேர் பார்த்தது அன்றைக்குத்தான். எங்களிடம் வந்ததெல்லாம் விலாசம் உள்ளவர்களுடைய கடிதம், இல்லாதவன் எப்படி வருவான்?

கோட்டுக்காரருக்கு ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. அதை வாங்க வந்தவர் வாசலிலேயே நின்று கவரின் வெளிப்பக்கத்தை, தன் பெயரை, ரொம்ப நேரம் படித்தார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்படியே நாலானது, ஏழானது, பதினொன்றானது. பழைய செருப்பு அலமாரியைத் தேய்த்துக் கழுவி, குறுக்கே பலகை அடித்துப் பன்னிரண்டு அறை வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டினேன். சட்டதிட்டமும் போட்டேன். கடிதம் உரியவர் கையில் மட்டும்தான் கொடுக்கப்படும். கூட்டாளி வந்து கேட்டாலும் கிடையாது. எவ்வளவு நாளானாலும் ஒட்டின கவர் ஒட்டினபடி இருக்கும்.

மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, ரிட்டயர்மென்ட் ஆகி ஆபீசை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாயிற்றா என்று மட்டும் கேட்டாள். ஆனால் வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தது அவள்தான். யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்கு இரண்டு டம்ளர் வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எனக்கு அவர்கள் பெயரும் அறையும் தெரியும், அவளுக்கு அவர்கள் கதை தெரியும். தையல்காரம்மாவின் கதை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

தையல்காரம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். ஒரு உடுப்புக் கம்பெனி வாசலில் காலையில் போய் நின்றால் பட்டன் தைக்கிற வேலை கிடைக்கும், சில நாள் கிடைக்காது. ராத்திரி பஸ் நிலையத்தில் படுக்கை. புருஷன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஏழு வயதில் ஒரு பெண் குழந்தை. போன வருஷம் பஸ் நிலையத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது அதிகாரிகள் வந்து, இங்கே வைத்திருக்கக்கூடாது என்று குழந்தையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பார்க்கலாம். கதவும் பூட்டும் உள்ள ஓர் அறை உன் பெயரில் இருக்கிறது என்று காகிதம் கொண்டுவா, அன்றைக்கே பெண்ணைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லியிருந்தார்கள். அதனால்தான் குடியிருப்பு அலுவலகத்தில் ஓர் அறைக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்று என்னிடம் வந்தாள். அந்த விண்ணப்பத்தில் 'விலாசம் கொடுத்தவர்' என்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏதோ சம்பிரதாயத்துக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

வாரம் தவறாமல் வந்து அலமாரியில் தன் அறையை எட்டிப் பார்ப்பாள். கடிதம் இல்லை என்று தெரிந்ததும், பரவாயில்லைங்க ஐயா, அடுத்த வாரம் வரேன் என்று சொல்லிவிட்டு, என் மனைவியின் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். எட்டு மாதம் இப்படியே ஓடியது.

கடிதம் ஏழாம் தேதி வந்தது. பழுப்புக் கவர், குடியிருப்பு அலுவலகத்து முத்திரை. அலமாரியில் தையல்காரம்மாவின் அறையில் வைத்துவிட்டு அந்த வாரம் அவள் வருகிற நாளுக்காகக் காத்திருந்தேன். அவள் வரவில்லை.

விசாரித்தால், பஸ் நிலையத்தைக் கழுவிப் பெயின்ட் அடிக்கப்போகிறார்கள் என்று அங்கே படுத்திருந்த அத்தனை பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கே என்று கேட்டால் ஒருவன் கிழக்கே கையைக் காட்டினான், ஒருவன் மேற்கே காட்டினான். கோட்டுக்காரரும் அந்த வேனில்தான் போயிருந்தார், அவரைக் கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. உடுப்புக் கம்பெனி வாசலுக்கு இரண்டு நாள் காலையில் போய் நின்றேன். பாலத்தடியில் பார்த்தேன். அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு வாசலில் நின்று ஒவ்வொரு கட்டிலாக எட்டிப் பார்த்து, நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த வயதில் அவ்வளவு நடந்ததில்லை, முழங்கால் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போல இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்னங்க, அத உடைச்சுத்தான் பாருங்களேன். என்ன போட்டிருக்கான்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்த மாதிரி ஏதாவது செய்யலாம்."

எனக்கு வந்ததே கோபம். அடுத்தவர் கடிதத்தை உடைக்கிறதும் அடுத்தவர் வீட்டுப் பூட்டை உடைக்கிறதும் ஒன்று, முப்பத்துநாலு வருஷம் என் கை வழியாகப் போன ஒரு கவரின் ஒட்டுகூட விட்டதில்லை, கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் ஒரே ஒரு கவரைப் பிரித்துப் பார்த்ததற்கு வேலை போய்த் தெருவில் நின்றான், அதெல்லாம் உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். ஆவியில் காட்டினால் ஒட்டு தானாக விடும், மறுபடி ஒட்டி வைத்துவிடலாம், தையல்காரம்மாவுக்கே தெரியாது என்று மனைவி மெதுவாகச் சொன்னாள். நீ இப்படியெல்லாம் யோசிக்கிறவள் என்று தெரிந்திருந்தால் உன்னைக் கட்டியிருக்கவே மாட்டேன் என்று கத்தினேன். காலம் கடந்து யோசிக்கிறீங்க என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதின்மூன்றாம் தேதி, கவரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு குடியிருப்பு அலுவலகத்துக்கே போனேன். டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண். இந்தக் கடிதம் ஒருவருக்கு வந்திருக்கிறது, அவர் ஊரில் இல்லை, இது எதைப் பற்றியது என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். ஒரு நாளைக்கு நூறு கடிதம் அனுப்புகிறோம் சார், உள்ளே எழுதியிருக்கும், பிரித்துப் பாருங்கள் என்றாள். இது என் கடிதம் இல்லையே என்றேன். கண்ணாடியைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியென்றால் யாருடையதோ அவர்களைக் கூட்டிக்கொண்டு வாங்க என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். எனக்கு அவள் மேல் எரிச்சல் வந்ததே தவிர, கையில் இருந்ததைப் பற்றி வேறு யோசனை வரவில்லை. சொல்லப்போனால் பெருமையாகக்கூட இருந்தது. ஒட்டின கவரை ஒட்டினபடியே திரும்பக் கொண்டுவந்து அறையில் வைத்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காப்பகத்துக்குப் போனேன், மகளைப் பார்க்க எப்படியும் வருவாள் என்று. வாசலில் இருந்த காவலாளி, நீங்கள் அந்தக் குழந்தைக்கு என்ன உறவு என்று கேட்டார். தாத்தா என்று ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும், அது வாயில் வரவில்லை. தெரிந்தவர் என்றேன். தெரிந்தவர்களை விடமாட்டோம் என்றார். அந்தம்மா வந்தாங்களா என்று மட்டும் கேட்டேன். போன வாரமும் வரவில்லை, இந்த வாரமும் வரவில்லை என்றார். வராந்தாவில் ஒரு குழந்தை ஷூ போட்டுத் தலைவாரிக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அதுதானா என்று எனக்குத் தெரியாது. யாரைக் கேட்பது?

தையல்காரம்மா இருபத்துமூன்றாம் தேதி வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். ஊருக்கு வெளியே ஏதோ முகாமில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள், அங்கே போன மறுநாளே ஜுரம், எழுந்து நிற்க முடியாமல் இரண்டு வாரம் கிடந்திருக்கிறாள். எழுந்ததும் நேரே இங்கே நடந்து வந்திருக்கிறாள். என் மனைவி அவளை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நான் கவரை எடுத்து, சாமிக்கு முன்னால் நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினேன். ஒட்டைப் பார்த்துக்கொள் அம்மா, யாரும் தொடவில்லை என்றேன்.

அவள் கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இன்னும் பிரிக்கலையாங்க ஐயா? எனக்குப் படிக்கத் தெரியாதே. நீங்க படிச்சு வச்சிருப்பீங்கன்னுதான் உங்க விலாசத்தக் கொடுத்தேன்."

எட்டு மாதமாக வந்து போகிறாள். விண்ணப்பத்தை நானேதான் எழுதினேன், அவள் கையெழுத்தை மட்டும் மெல்ல மெல்லப் போட்டாள். படிக்கத் தெரியுமா என்று ஒரு நாள் நான் கேட்டதில்லை. என் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அங்கேயே உடைத்தேன். ஒரே ஒரு தாள். ஓர் அறை ஒதுக்கியிருக்கிறோம், இந்த மாதம் பதினெட்டாம் தேதிக்குள் இக்கடிதத்துடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்கு வழங்கப்படும் என்று இருந்தது. அதை வாய்விட்டுப் படித்தேன். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. விண்ணப்பதாரர் வர இயலாத நிலையில், விலாசம் கொடுத்தவர் இக்கடிதத்துடன் வந்து கையெழுத்திட்டால் முப்பது நாள் அவகாசம் தரப்படும்.

அந்த வரியை நான் படிக்கவில்லை. கண் படித்தது, வாய் படிக்கவில்லை. தாளை நாலாக மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அஞ்சு நாள்தானே தாண்டியிருக்கு, போய்க் கேட்டால் கொடுத்துவிடமாட்டார்களா என்று அவள் கேட்டாள். கொடுப்பார்கள், ஏன் கொடுக்கமாட்டார்கள், நான் வந்து கேட்கிறேன் என்றேன். ஜுரம் வந்ததற்கு முகாமில் சீட்டு வாங்கலாம், ஐந்து நாளில் என்ன கெட்டுப்போய்விடும் என்று பஸ் முழுக்கப் பேசிக்கொண்டே போனேன். பேச்சை நிறுத்தினால் ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று பயம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அறையில் ஜன்னல் இருக்குமாங்க ஐயா, பாப்பாவுக்கு ஜன்னல் ரொம்பப் பிடிக்கும் என்று ஒரு தடவை சொன்னாள்.

கவுன்டரில் அதே கண்ணாடிக்காரப் பெண். தாளை வாங்கிப் படித்தாள், கம்ப்யூட்டரில் பார்த்தாள். இருபதாம் தேதியே அடுத்தவருக்குக் கொடுத்தாயிற்று, அவர்கள் குடியும் வந்துவிட்டார்கள் என்றாள். புதிதாக விண்ணப்பம் போட்டால் மறுபடி பட்டியலின் கடைசியில் சேர்ப்போம், பட்டியல் இப்போது நீண்டுவிட்டது, இரண்டு வருஷமாவது ஆகும். ஜுரத்தைச் சொன்னேன், வேனைச் சொன்னேன், குழந்தையைச் சொன்னேன். குரலை உயர்த்தினேன். பெரிய அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் வந்தாலும் இதைத்தான் சொல்வார் என்றாள். அவள் கெட்டவளும் இல்லை, முகம் நிஜமாகவே வாடிப் போயிருந்தது. அப்புறம் என்னை உற்றுப் பார்த்தாள்.

"சார், நீங்க அன்னைக்கு இந்த லெட்டரோடவே வந்தீங்கல்ல? விலாசம் கொடுத்தவர் நீங்கதானே? கீழ போட்டிருக்கே. அன்னைக்கு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டிருந்தாலே முப்பது நாள் கிடைச்சிருக்கும்."

தாளைத் திருப்பி, அந்த வரிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். தையல்காரம்மா விரல் வைத்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம் என் சட்டைப்பையைப் பார்த்தாள். எனக்கு அப்படியே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அடி, திட்டு, எல்லோர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேள், கேட்டுவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் கவுன்டர் பக்கம் திரும்பினாள். "அவரு மேல தப்பு இல்லீங்க. நான்தான் யாரும் பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

கண்ணாடிக்காரப் பெண் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். புது விண்ணப்பம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தாள்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். அந்த வரியை நான் வீட்டிலேயே பார்த்துவிட்டேன் அம்மா, உன்னிடம் மறைத்துவிட்டேன் என்றேன். தெரியுதுங்க ஐயா என்றாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன், அதைச் சொல்லி அவளிடம் இன்னும் ஒன்றைப் பிடுங்கப்போகிறேனா என்று தோன்றியது, சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கே வந்து இரு, குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா என்றேன். அதையும் பேசிப் பார்த்தவள்தான் அவள். அறை அவள் பெயரில் இருந்தால்தான் விடுவார்கள், போன வருஷம் உடுப்புக் கம்பெனி அக்கா ஒருத்தி காப்பகத்துக்குக் கூட வந்து, என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள், முடியாது என்று அனுப்பிவிட்டார்கள் என்று பொறுமையாக எனக்கு விளக்கினாள். எனக்குக் கோபம் வந்தது, அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

அப்புறம் அவளே ஒன்று கேட்டாள். கவுன்டரில் எனக்காக அந்தப் பொய்யைச் சொன்னது இதைக் கேட்கத்தானா, இல்லை நிஜமாகவே என் மேல் அவளுக்கு இரக்கமா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. "இந்தப் புது பாரத்துலயும் உங்க விலாசத்தத்தான் போடணும் ஐயா. வேண்டாம்னு சொல்லிடாதீங்க. வேற யாரும் எனக்குத் தரமாட்டாங்க."

போட்டேன். படிக்கட்டிலேயே, முழங்காலில் வைத்து எழுதினேன். கடைசிக் கட்டத்தில் கையெழுத்தும் போட்டேன். இனிமேல் உன் கடிதம் எது வந்தாலும் அந்த நிமிஷமே உடைத்துவிடுகிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். உடைப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு ஒன்றும் வராது என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

அப்புறம் இன்னொரு தாள் இருக்குமா என்று கேட்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை போகவில்லை, முகாமில் மறுபடி எப்போது வெளியே விடுவார்கள் என்றும் தெரியாது, குழந்தைக்கு ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்றாள். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறாளாம், எழுத்துக்கூட்டித் தானே படித்துவிடுவாளாம். அதனால் பெரிது பெரிதாக எழுதச் சொன்னாள். டோக்கனோடு வைத்திருந்த ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மடியில் விரித்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

'பாப்பா, நமக்கு அறை கெடச்சாச்சு. ஜன்னல் இருக்கு. இப்ப சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சிட்டு இருக்காங்க. காயறதுக்குக் கொஞ்ச நாளாகும். காஞ்சதும் அம்மா வந்து கூட்டிட்டுப் போறேன்.'

பாதியில் பேனா ஒரு தடவை நின்றது, அப்புறம் மிச்சத்தையும் எழுதினேன். அவள் தாளை எட்டிப் பார்த்து, சொன்னதையெல்லாம் எழுதிட்டீங்களா, ஒரு வரியும் விடலையே என்று கேட்டாள். இல்லை அம்மா, எல்லாம் எழுதிவிட்டேன் என்று வாய்விட்டு ஒரு தடவை முழுக்கப் படித்துக் காட்டினேன்.